முதலாளி சொன்னது மட்டும் போதுமா?

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது நம் நாட்டு வழக்கம். மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே போய், "உங்கள் பிள்ளை எப்படி?" என்று கேட்டுவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்புகிறவர் யாரும் இல்லை. அண்டை வீட்டில் கேட்பார்கள். பிள்ளை உத்தியோகம் பார்க்கும் இடத்தில் கேட்பார்கள். தெருக்கோடி மளிகைக் கடைக்காரரிடம்கூடப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடன் பாக்கியும் கோர்ட்டு வழக்கும் அப்படித்தான் வெளியே வரும்.

பெரிய கம்பெனிகளுக்காகப் பொதுஜனத் தொடர்பு வேலை பார்க்கிறவர்களுக்கும் இதுதான் முதல் வேலை. கம்பெனியைப் பற்றி மக்களிடம் என்ன சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்று திட்டம் போடுமுன், அந்தக் கம்பெனி உண்மையில் என்ன செய்கிறது, அது சார்ந்த தொழில் எந்த நிலையில் இருக்கிறது, ஜனங்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையெல்லாம் துருவிப் பார்க்க வேண்டும். ஜான் மார்ஸ்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1963-ல் எழுதிய பாடப் புத்தகத்தில் இந்தத் தொழிலை நான்கு படிகளாகப் பிரித்தார். ஆராய்ச்சி, செயல், செய்தி, மதிப்பீடு என்பவை அவை. விளம்பரம் செய்வது மூன்றாவது படிதான். ஆராய்ச்சிக்கே முதலிடம்.

புத்தகத்தில் படிக்க இது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலுக்குத் தந்தை என்று சொல்லப்படுகிறவர்களில் ஒருவரே இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துக் கால் ஒடிந்து விழுந்தார்.

பாதிரியாரின் பிள்ளை

அவர் பெயர் ஐவி லீ. ஜார்ஜியா மாகாணத்தில் 1877-ல் ஒரு பாதிரியாருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் படித்துவிட்டு நியூயார்க்கில் பத்திரிகை நிருபராக இருந்தார். அந்தக் காலத்து அமெரிக்க முதலாளிகள் நிருபர்களைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். 1902-ல் நிலக்கரிச் சுரங்க வேலை நிறுத்தம் நடந்தபோது, தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிருபர்களை உட்கார வைத்துப் பேசினார். முதலாளிகள் தரப்புத் தலைவர் ஜார்ஜ் பேயரோ வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைகள் யார் பக்கம் சாய்ந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

1906-ல் மீண்டும் நிலக்கரித் தொழிலில் தகராறு வந்தபோது முதலாளிகள் புத்தி தெளிந்து லீயை அமர்த்திக்கொண்டார்கள். அவர் பத்திரிகாசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தமது காரியாலயம் ரகசியக் காரியாலயம் அல்ல என்றும், எல்லாம் வெளிப்படையாகவே நடக்கும் என்றும், கொடுக்கும் செய்தி சரியானதாக இருக்கும் என்றும் அதில் வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய வாக்குத்தான். அதே ஆண்டில் பென்சில்வேனியா ரயில்வேயில் விபத்து நேர்ந்தபோது, மூடி மறைக்காமல் நிருபர்களை ரயில்வேயின் செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப் போகச் செய்தார். ரயில்வே அதிகாரிகளுக்கு இது வயிற்றைக் கலக்கியது. ஆனால் பத்திரிகைகள் ரயில்வேயைப் பாராட்டின.

கூடாரங்களில் நெருப்பு

எட்டு ஆண்டுகள் கழிந்தன. கொலராடோ மாகாணத்தில் ராக்பெல்லர் குடும்பத்துக்குச் சுமார் நூற்றுக்கு நாற்பது பங்கு இருந்த ஒரு நிலக்கரி இரும்புக் கம்பெனி இருந்தது. அங்கே சுரங்கத் தொழிலாளி குடியிருந்த வீடு கம்பெனியுடையது. அரிசி பருப்பு வாங்குகிற மாதிரி அவன் மாவும் உப்பும் வாங்கிய கடையும் கம்பெனியுடையது. 1913 செப்டம்பரில் வேலை நிறுத்தம் தொடங்கியதும் தொழிலாளிகளைக் குடும்பத்தோடு வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். பனிக்காலம் முழுவதும் அவர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். லட்லோ என்ற இடத்தில் மட்டும் சுமார் 1,200 பேர்.

1914 ஏப்ரல் 20-ந் தேதி அங்கே மாகாணப் படையினருக்கும் தொழிலாளிகளுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. அன்று மாலை கூடாரங்கள் தீப்பிடித்து எரிந்தன. குண்டுக்குத் தப்புவதற்காக ஒரு கூடாரத்தின் அடியில் பள்ளம் தோண்டி அதில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள்.

நாடே கொதித்தது. நியூயார்க்கில் ராக்பெல்லர் காரியாலய வாசலில் மறியல் நடந்தது. ராக்பெல்லரின் மகன் ஜூனியர் ராக்பெல்லர், சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் பார்லிமெண்டுக் கமிட்டி முன் சாட்சி சொல்லியிருந்தார். அந்தச் சுரங்கப் பக்கம் தாம் பத்து ஆண்டுகளாகப் போனதே இல்லை என்று அப்போது ஒப்புக்கொண்டார். டென்வரிலிருந்து நிர்வாகிகள் எழுதும் கடிதங்களே அவருக்கு வேதவாக்கு. இந்த நிலையில்தான் மாதம் 1,000 டாலர் சம்பளத்தில் ஐவி லீயை அவர் துணைக்கு அழைத்தார்.

ஒன்பது வாரமா, ஓர் ஆண்டா?

லீ என்ன செய்தார்? கம்பெனி நிர்வாகிகள் அனுப்பிய விவரங்களை வாங்கினார். அவற்றை அழகான நடையில் எழுதித் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டார். பத்திரிகாசிரியர்கள், பாதிரிமார்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவை போயின. பிலடெல்பியாவில் அச்சான பிரசுரங்களை டென்வருக்கு அனுப்பி அங்கிருந்து தபாலில் சேர்த்தார்கள். எழுதியவர் பெயர் அவற்றில் இல்லை. 1906-ல் கொடுத்த 'வெளிப்படை' வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

ஒரு பிரசுரத்தில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளக் கணக்கு வெளியாயிற்று. தொழிலாளி பட்டினி கிடக்க, தலைவர்கள் கொழுக்கிறார்கள் என்று காட்டுவது நோக்கம். 'மதர் ஜோன்ஸ்' என்று தொழிலாளிகள் அன்போடு அழைத்த முதிய மாது நாள் ஒன்றுக்கு 42 டாலர் வாங்குகிறார் என்றது அந்தக் கணக்கு. படித்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். உண்மை என்ன? ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்த தொகையை ஒன்பது வாரத்துத் தொகை என்று போட்டுவிட்டார்கள்! மூலக் கணக்கை எடுத்து ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை. தவறு தெரிந்த பிறகும் திருத்தம் வெளிவரத் தாமதமாயிற்று.

1915-ல் தொழில் உறவுகள் பற்றிய அரசாங்கக் கமிஷன் லீயைக் கூண்டில் ஏற்றியது. கமிஷனின் தலைவர் பிராங்க் வால்ஷ் என்ற வக்கீல் சுற்றி வளைக்காமல் கேட்டார். கம்பெனிக்காரர்கள் கொடுத்த விவரங்கள் சரிதானா என்று தெரிந்துகொள்ள நீங்களாக என்ன முயற்சி செய்தீர்கள் என்பது கேள்வி. எதுவும் செய்யவில்லை என்றார் லீ.

அந்தப் பதில் அவரைக் கடைசி வரையில் விடவில்லை. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அவரைக் கூலிக்குப் பொய் சொல்லுகிறவர் என்று பத்திரிகையில் எழுதினார். நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர் அவர் பெயரையே விஷச் செடியின் பெயராக மாற்றிவிட்டார். அமெரிக்காவில் உடம்பில் பட்டால் அரிக்கும் ஒரு கொடிக்கு 'பாய்சன் ஐவி' என்று பெயர்.

லீ பொய்யர் என்பதைவிட, விசாரிக்காதவர் என்பதே பொருத்தம். ஆனால் தீயில் குழந்தைகள் மாண்ட விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிதல்ல.

நேரில் போனபோது

இதில் வேடிக்கை என்னவென்றால், 1914 ஆகஸ்டில் லீயே கொலராடோவுக்குப் போனார். அங்கே அவர் கண்டது வேறு. குறை இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தொழிலாளிகள் பயப்படுகிறார்கள் என்பது தெரிந்தது. குறைகளைக் கேட்க ஏற்பாடு வேண்டும் என்று ராக்பெல்லருக்கு எழுதினார். இந்தப் பயணம் முதலில் நடந்து, பிரசுரம் பிறகு வந்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

இன்னொருவரும் போனார். கனடாவில் தொழில் மந்திரியாக இருந்து, பின்னால் அந்நாட்டின் பிரதம மந்திரியான மெக்கன்ஸி கிங் அவர். ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்துக்காகத் தொழில் உறவுகளை ஆராய வந்தவர், 1915-ல் கொலராடோவில் தங்கி நிர்வாகிகளோடும் தொழிலாளிகளோடும் பேசினார். அதன் பிறகு ஜூனியர் ராக்பெல்லரையே அங்கே போகச் செய்தார்கள். அந்தச் செப்டம்பரில் அவர் சுரங்கத்துக்குள் இறங்கினார். தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களோடு நடனம்கூட ஆடினார். நடனத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. நடனத்தைவிட முக்கியமானது, தொழிலாளிகள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தோடு பேசலாம் என்ற திட்டம் அக்டோபரில் வந்ததுதான். சுதந்திரமான சங்கத்துக்கு இது ஈடாகாது என்று தொழிற்சங்கத்தார் குறை கூறினார்கள். அதில் நியாயம் உண்டு. இத்தகைய கம்பெனிச் சங்கங்களை 1935-ல் வந்த வாக்னர் சட்டம் தடுத்துவிட்டது.

எங்கே தேடுவது?

சரி, முதலாளியை மட்டும் கேட்கக் கூடாது என்றால் வேறு யாரைக் கேட்பது? காகிதங்கள் பல இருக்கின்றன. கம்பெனியின் ஆண்டறிக்கையில் முன்பக்கத்துப் படங்களைத் தள்ளிவிட்டு, கணக்கு ஆடிட்டர் பின்னால் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் படிப்பவனே கெட்டிக்காரன். நம் நாட்டில் கம்பெனி ரிஜிஸ்திராரிடம் தாக்கலாகும் தஸ்தாவேஜுகளைக் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம். பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்ற கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை வெளியிட்டாக வேண்டும். பத்தாண்டுப் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவதும் வீண் வேலை அல்ல.

தொழில் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி எவ்வளவு யோக்கியமாக நடந்தாலும், நொய்யல் ஆற்றின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குத் திட்டம் போட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அவ்வூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரத்துக்காக எழுதுகிறவர், பாலாற்று நீர் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் அளித்த தீர்ப்பைப் படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது. ஆற்றின் கீழ்ப் பக்கத்துக் கிராமத்தில் கிணறு வைத்திருக்கும் விவசாயியிடம் அரைமணி நேரம் பேசினால், எந்த அறிக்கையிலும் இல்லாத விஷயம் கிடைக்கும்.

ஆனால் எல்லா விசாரணையும் விசாரணை ஆகிவிடாது. மனோதத்துவ நிபுணர் பிராய்டின் மருமகன் எட்வர்ட் பெர்னேஸ் இந்தத் தொழிலில் மகா சமர்த்தர். 1920-களில் பன்றி இறைச்சி விற்கும் ஒரு கம்பெனிக்காக அவர் வேலை செய்தார். காலையில் காபியும் ரொட்டியுமாக முடித்துக்கொள்வது நல்லதா, வயிறாரச் சாப்பிடுவது நல்லதா என்று சுமார் 5,000 வைத்தியர்களுக்குக் கடிதம் போனது. ஏறக்குறைய 4,500 பேர் வயிறாரச் சாப்பிடுவதே நல்லது என்றார்கள். பத்திரிகைகளில் இது செய்தியாயிற்று. பன்றி இறைச்சி விற்பனை ஏறியது. வைத்தியர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வேண்டிய பதிலை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடியதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

தெரிந்துகொண்ட பிறகு

லீ விசாரிக்காமல் கெட்டார். நன்றாக விசாரித்து அறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் கசப்பான கதை.

1953 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். சிகரெட் புகைத் தாரை எலிகளின் தோலில் தடவினால் புற்று நோய் வருகிறது என்று டாக்டர்கள் வைண்டரும் கிரகாமும் கண்டுபிடித்த செய்தி வெளிவந்து, வியாபாரம் ஆட்டம் கண்டிருந்தது. 'ஹில் அண்ட் நோல்டன்' என்ற பிரபல பொதுஜனத் தொடர்பு நிறுவனத்தை அமர்த்திக்கொண்டார்கள்.

அந்த நிறுவனத்தார் பாடப் புத்தகத்தில் சொன்னபடியே செய்தார்கள். முதலில் தொழிலை ஆராய்ந்தார்கள். கம்பெனிகளின் ஆராய்ச்சி அதிகாரிகளைத் தனித்தனியே பார்த்துப் பேசிக் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். ஜனங்களால் விட முடியாத பழக்கமாகச் சிகரெட் இருப்பது நமக்கு அதிர்ஷ்டந்தான் என்று ஓர் அதிகாரி சொன்னதும் அந்தக் குறிப்பில் பதிவாயிற்று. புற்று நோய் வராத சிகரெட்டை நம் கம்பெனி முதலில் கொண்டுவந்தால் போட்டிக்காரர்களை என்ன பாடு படுத்தலாம் என்ற ரீதியில் இன்னொருவர் பேசியதும் பதிவாயிற்று. உள்ளே இருப்பவர்களுக்கு என்ன கவலை என்பது இதைவிடத் தெளிவாக எப்படித் தெரியும்?

ஆனால் வெளியே வந்த திட்டம் வேறு. 1954 ஜனவரி 4-ந் தேதி 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளியாயிற்று. ஜனங்களின் ஆரோக்கியமே எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கள் சரக்கு கெடுதல் செய்வதல்ல என்று நம்புகிறோம், ஆராய்ச்சிக்கு ஒரு கமிட்டி அமைக்கிறோம் என்ற கருத்தில் அது எழுதப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1964-ல், அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி புகை பிடிப்பதால் நுரையீரலில் புற்று நோய் வருகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அதற்குள் புகைத்துப் புகைத்து மாண்டவர்களுக்கு அந்தக் குறிப்பில் இருந்தது தெரியாது.

குறிப்புகள் பெட்டிக்குள் தூங்கின. 1990-களில் மாகாண அரசாங்கங்கள் சிகரெட் கம்பெனிகள்மேல் வழக்குத் தொடுத்தன. 1998-ல் 46 மாகாணங்களோடு கம்பெனிகள் ராஜி செய்துகொண்டபோது, பணம் கட்டியதோடு உள் தஸ்தாவேஜுகளையும் வெளியிட வேண்டியதாயிற்று. 2006-ல் வாஷிங்டனில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் பல்லாண்டுகளாக ஜனங்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தபோது, 1953 டிசம்பர் பிளாசா ஹோட்டல் கூட்டத்திலிருந்தே கதையைத் தொடங்கினார்.

ஹில் அண்ட் நோல்டன் ஆட்கள் அன்று எழுதிய குறிப்பு இன்று சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா சர்வகலாசாலை நூலகத்தின் தஸ்தாவேஜுத் தொகுப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.