மதில் சுவருக்குள் ஒரு மீன் சாப்பாடு

மே மாதச் சனிக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஏதோ ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. காலையிலிருந்து ராட்டினமும் நீர்ச்சறுக்கும் ஆடிக் களைத்த இரண்டு தோழிகள், ஒன்றரை மணிக்கு ஈரத் தலையோடு அங்குள்ள கடலுணவு உணவகத்தில் வந்து உட்கார்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மேல் வஞ்சிரம், இறால், நண்டு, சிங்கி இறால். மெனு கார்டில் சோற்றுக்கும் குழம்புக்கும் விலை இருக்கிறது. நண்டுக்கும் முழு மீனுக்கும் நேரே மட்டும் ‘ஏபிஎஸ்’ என்று மூன்றெழுத்து. அளவைப் பொறுத்து விலை என்று பொருள்.

கடைத்தெருவாக இருந்தால் விலை கட்டுப்படியாகாதபோது அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். இங்கே வெளியே போனால் திரும்ப நுழைய இன்னொரு டிக்கெட் எடுக்கவேண்டி வரலாம். கொண்டுவந்த சாப்பாட்டுப் பையும் வாசலிலேயே தங்கிவிட்டது. பசித்தவர்களுக்கு வேறு வழியில்லாத இடம் என்பதால்தான், ஆர்டர் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது இங்கே கூடுதல் அவசியமாகிறது. பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்கிறது. அந்தச் சட்டம் பூங்காவின் வாசலோடு நின்றுவிடுவதில்லை.

எங்கிருந்து வந்த மீன்?

பள்ளி விடுமுறையில் பூங்காக்கள் நிரம்பி வழியும் அதே நாட்களில்தான் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் குறைவு. மீதி மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியிலோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வரவேண்டும். பண்ணை இறால் தனிக் கணக்கு. உறைய வைத்த மீனைச் சமைப்பதில் தவறே கிடையாது. ஆனால் அதை ‘இன்று காலை பிடித்தது’ என்று சொல்லி விற்பது வேறு. “அண்ணா, இது ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா? எப்ப வந்தது?” என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பயணம் நீள நீள ஐஸ் குறைந்தால் ஆபத்து கூடும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால், அவற்றின் தசையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு வறுத்தாலும் பொரித்தாலும் அந்த நச்சு போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மிளகைக் கடித்ததுபோல நாக்கு எரியலாம். பலரும் இதை ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒரே மீனைச் சாப்பிட்ட இருவருக்கும் இது வந்தால், சந்தேகம் முதலில் மீன் மேல் விழவேண்டும்.

கெடாமல் காக்கும் ரசாயனமான ஃபார்மலின் இன்னொரு கவலை. மீனில் அதைச் சேர்க்க அனுமதியே இல்லை. கேரள அரசு 2018இல் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தி, ஃபார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ கணக்கில் பிடித்தது. அதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் பரிசோதனைத் தாளைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

தராசும் பில்லும்

‘ஏபிஎஸ்’ என்று போட்டிருந்தால், நூறு கிராம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு, மீனைக் கண் முன்னே நிறுக்கச் சொல்லலாம். சுத்தம் செய்வதற்கு முந்தைய எடையா, பிந்தையதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். நண்டில் இந்த வித்தியாசம் பெரிது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். தமிழகத்தில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை.

சாப்பிட்டு முடித்ததும் பில். அதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், அது அரசு வரி இல்லை. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லலாம்.

தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு விதி. உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பூங்காவுக்குள் கவுன்ட்டரில் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. அச்சிட்ட விலைதான் உச்சம்.

பில்லை வாங்காமல் எழுந்துவிடக் கூடாது. பில் கொடுக்க மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 2022 ஜனவரி முதல் பில்லில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கவேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்தைப் பல நேரங்களில் நடத்துவது வேறொரு நிறுவனமாக இருக்கும். நாளை புகார் எழுதும்போது யார் பொறுப்பு என்பதைக் காட்டப்போவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

ஒரே எண்ணெய்ச் சட்டி

தோழிகளில் ஒருத்திக்கு இறால் ஆகாது. அதனால் அவள் உருளைக்கிழங்கு வறுவல் போதும் என்கிறாள். கவனிக்கவேண்டிய இடம் இதுதான். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமையோசின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை. இறால் பொரித்த எண்ணெயிலேயே கிழங்கையும் பொரித்தால் ஆபத்து கிழங்கோடு சேர்ந்து தட்டுக்கு வருகிறது. “இறால் அலர்ஜி இருக்கு, தனி எண்ணெய், தனிக் கரண்டி இருக்கா?” என்று சமையலறையில் கேட்டுவரச் சொல்லவேண்டும். உறுதியான பதில் வராவிட்டால் அந்தப் பண்டத்தைத் தவிர்ப்பதே நல்லது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை உள்ளவையும் ஒவ்வாமைத் தகவலைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மீனும் இறால், நண்டு வகையும் அந்தப் பட்டியலில் உண்டு.

சாப்பிட்டதும் உதடு வீங்குவது, குரல் அடைப்பது, மூச்சிரைப்பது, தலைசுற்றி விழுவது ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதுவல்ல. உடனே 108ஐ அழைத்து, பூங்காவின் முதலுதவி மையத்துக்கும் சொல்லவேண்டும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் வளாகத்துக்குள் இருந்த உணவகத்தில் 2023 அக்டோபரில் சாப்பிட்ட ஒரு மருத்துவர் ஒவ்வாமையால் இறந்தார். பாலும் கொட்டை வகைகளும் ஆகாது என்று ஊழியரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார் என்று அவருடைய கணவர் வழக்குத் தொடர்ந்தார். டிஸ்னி தரப்போ, கணவர் பல ஆண்டுகளுக்கு முன் டிஸ்னி பிளஸ் சேவையில் சேர்ந்தபோதும், பிறகு பூங்கா டிக்கெட் வாங்கியபோதும் ஏற்ற நிபந்தனைகளைக் காட்டி, நீதிமன்றத்துக்கு வராமல் நடுவர் மன்றத்துக்குப் போகவேண்டும் என்று வாதிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டது.

நம் ஊர் டிக்கெட்டின் பின்புறத்திலும் ‘எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் இருப்பதுண்டு. அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு உண்டு.

உடம்புக்கு முடியாமல் போனால்

முதலில் சிகிச்சை. என்ன சாப்பிட்டோம், எங்கே, எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் சொல்லி மருத்துவச் சீட்டில் எழுதவைப்பது பின்னால் உதவும். தட்டில் மிச்சம் இருந்தால் படம் எடுத்துவைக்கலாம். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பில்லின் படத்தோடு அங்கே புகார் அனுப்பலாம். விலை, பில், சேவைக் குறை பற்றி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு வழங்க உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 65ஆம் பிரிவு வழிசெய்கிறது.

அதற்கும் மேல் போகவேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பூங்காவையும் உணவகத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாகக் காட்டலாம். பூங்கா சென்னைப் பக்கம் இருந்தாலும், தோழிகள் திருநெல்வேலிக்காரர்கள் என்றால் திருநெல்வேலி ஆணையத்திலேயே, இணையம் வழியாகவும்கூட, மனு போடலாம். மனுவோடு இணைக்க அந்தச் சனிக்கிழமை மதியத்து பில்லும், நுழைவு டிக்கெட்டும், மருத்துவச் சீட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.