பழைய டீசல் படகு வாங்கப் போறீங்களா? கேபினை அப்புறம் பாருங்க

கடலே இல்லாத சேலம் மாவட்டத்துல, இளம்பிள்ளையில உட்கார்ந்துக்கிட்டு இவன் ஏன் படகைப் பத்திப் பேசறான்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. என் மச்சானும் சேலை வியாபாரத்துல இருக்கற அவரோட கூட்டாளிகள் ரெண்டு பேரும் சேர்ந்து, ஆலப்புழாவுல ஓடிக்கிட்டிருக்கற பழைய ஹவுஸ்போட் ஒண்ணை வாங்கலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. ரெண்டு பெட்ரூம், டீசல் இன்ஜின். "மாப்ள, நீ இன்ஜினியர்தானே, கூட வந்து பாரு"ன்னு கூப்பிட்டாங்க. நான் சாஃப்ட்வேர் ஆளு. ஆனா படிச்சது இன்ஜினியரிங். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு உட்கார்ந்து படிச்சேன். இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

வெளிநாட்டுல இந்த மாதிரி படகை கேபின் குரூசர்னு சொல்வாங்க. தூங்க அறை, சின்ன சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நம்ம பக்கத்துல அதுக்கு நெருங்கின சொந்தம் ஹவுஸ்போட்தான். உருவம் வேற, வேகம் வேற. ஆனா பழசை வாங்கும்போது பார்க்க வேண்டியது பெரும்பாலும் ஒண்ணுதான்.

விற்கிறவர் முதல்ல காட்டறது கட்டில், ஏசி, டிவி. செகண்ட் ஹேண்ட் தறி வாங்கப் போனா நாம பெயின்ட்டையா பார்க்கறோம்? ஓட விட்டு சத்தம் கேட்கறோம், தேய்மானம் பார்க்கறோம். படகுக்கும் அதே கணக்குதான். கட்டிலை எப்ப வேணா மாத்திக்கலாம். இன்ஜினும் அடிப்பகுதியும் போச்சுன்னா முதலே போச்சு.

இன்ஜின்: மணிக்கணக்கு

காருக்கு கிலோமீட்டர் பார்ப்போம். படகுக்கு இன்ஜின் ஓடின மணிநேரம் பார்க்கணும். ஒரு கார் சராசரியா 40 கிலோமீட்டர் வேகத்துல 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தா, அது 2,500 மணிநேரம். ஒரு படகு நாளைக்கு 5 மணிநேரம், வருஷத்துக்கு 200 நாள் ஓடினாலே 1,000 மணிநேரம் ஆயிடும். ரெண்டரை வருஷத்துல அந்தக் காரை எட்டிப் பிடிச்சிடும். அதுவும் படகு இன்ஜினுக்கு இறக்கம்னு ஒண்ணு கிடையாது. ஓடற நேரம் பூரா தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும்.

நாம போகும்போது இன்ஜின் சில்லுனு இருக்கணும். தொட்டுப் பாருங்க. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருந்தா, காலையில ஸ்டார்ட் ஆகறதுல இருக்கற கஷ்டம் நமக்குத் தெரியாது. அப்புறம் புகையைக் கவனிங்க. கறுப்புன்னா காத்து பத்தலை, இல்லைன்னா இன்ஜெக்டர் கோளாறு, இல்லைன்னா இன்ஜினுக்கு மீறின சுமை. நீலம்னா இன்ஜின் ஆயிலையே எரிக்குது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா டீசல் சரியா எரியலை, இல்லைன்னா கூலிங் தண்ணி உள்ளே கசியுது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. அங்கேயே ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

அடிப்பகுதி: தண்ணிக்கு வெளியே எடுத்துத்தான் பார்க்கணும்

ஹவுஸ்போட்டோட மூலம் கெட்டுவள்ளம். குட்டநாட்டுல நெல்லு ஏத்திப் போன படகு. ஆணி அடிக்காம, பலகைகளைத் தென்னங்கயிறால இழுத்துக் கட்டுவாங்க. அதனாலதான் 'கெட்டு', அதாவது கட்டு. அந்தக் கயிறும் பூச்சும் காலாகாலத்துல புதுப்பிச்சாத்தான் நிக்கும். கடைசியா எப்ப கரையேத்தி வேலை பார்த்தாங்க, அதுக்கு பில் இருக்கான்னு கேளுங்க. மரத்தைச் சின்னச் சுத்தியால தட்டினா நல்ல பலகை கணீர்னு கேட்கும், உளுத்தது மொத்துனு கேட்கும். இரும்பு அடிப்பகுதின்னா தகட்டோட தடிமனை அளக்கக் கருவியே இருக்கு. படகைக் கரையேத்திக் காட்ட முடியாதுன்னு சொன்னா, விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.

எடை எங்கே இருக்கு?

பணத்தை விடப் பெரிய விஷயம் இது. படகுல எடை மேலே போகப் போக, அது சாயறதும் சுலபமாயிடும். 2009 செப்டம்பர் 30 அன்னிக்கு தேக்கடியில 'ஜலகன்யகா'ங்கற இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. 2023 மே 7 அன்னிக்கு மலப்புரம் மாவட்டம் தானூர்ல ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அது மீன்பிடிப் படகை மாத்திக் கட்டினது. அன்னிக்கு அளவுக்கு மீறி ஆளும் ஏத்தியிருந்தாங்க.

அதனால விற்கிறவர்கிட்ட நேராவே கேளுங்க: "இது முதல்ல என்ன படகு? மேல்தளம் ஆரம்பத்துலயே இருந்ததா, அப்புறம் கட்டினதா?" அப்புறம் கட்டினதுன்னா, அதுக்குப் பிறகு ஆய்வு நடந்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. போட்டோவுல அழகாத் தெரியற அந்த மேல்தளம்தான் படகைக் கவிழ்க்கறதாவும் இருக்கலாம்.

இன்னொண்ணு, ராத்திரி ஏசிக்காக ஓடற ஜெனரேட்டர். அதோட புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. வாசனை கிடையாது, தூங்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. புகைக்குழாய் எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு அறையிலயும் அதுக்கான அலாரம் வைக்கறதையும் செலவுக் கணக்குல சேர்த்துக்கோங்க.

காகிதம்

1917-ல வந்த பழைய சட்டத்தை எடுத்துட்டு, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ல வந்துச்சு. ஆய்வுச் சான்றிதழ், பதிவு, இன்சூரன்ஸ், தகுதிச் சான்றிதழ் உள்ள ஓட்டுநர், நாலையும் கேளுங்க. பதிவுல இருக்கற அளவும் இன்ஜின் எண்ணும் நேர்ல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு நீங்களே சரிபாருங்க.

டீசல் கணக்கு

இந்த மாதிரி படகுல, தேவைப்படற சக்தி ஏறக்குறைய வேகத்தோட மும்மடி கணக்குல ஏறும். 8 கிலோமீட்டர்ல போறதை 10 ஆக்கினா, கிட்டத்தட்ட 2 மடங்கு சக்தி வேணும். அதனால "இதுல பெரிய இன்ஜின் போட்டிருக்கோம்"னு பெருமையா சொன்னா மயங்காதீங்க. டீசல் இன்ஜின் 1 ஹெச்.பி.க்கு மணிக்குத் தோராயமா கால் லிட்டர் குடிக்கும்னு வெச்சுக்கோங்க. 40 ஹெச்.பி. எடுத்து ஓட்டினா மணிக்கு 10 லிட்டர். ஜெனரேட்டர் செலவு தனி.

மச்சான்கிட்ட நான் சொல்லியிருக்கறது இதுதான்: அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, "கரையேத்திப் பார்த்து, ஆய்வாளர் சரின்னு சொன்னாத்தான் வாங்குவோம், இல்லைன்னா அட்வான்ஸ் திரும்ப வரணும்"னு எழுதி வாங்குங்க. ஆய்வாளரை நாமதான் பிடிக்கணும், விற்கிறவர் கூட்டிட்டு வரக்கூடாது. இதுக்கு விற்கிறவர் சம்மதிச்சா, எல்லாரும் சேலத்துல ரயில் ஏறுவோம். சம்மதிக்கலைன்னா, பூலாம்பட்டிக்குப் போய் காவிரியில படகேறி நெரிஞ்சிப்பேட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு, மீன் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.