முதுகில் குளம், வாயில் குழாய்!

கத்தரிக்கோல் ரெடி. மேசை மேல் மல்லாந்து கிடக்கிறது, பணி ஓய்வு பெற்ற ஒரு தண்ணீர்ப் பை. மலையேறுகிறவர்களும் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதிக்கிறவர்களும் முதுகுப்பைக்குள் செருகிக்கொண்டு, தோள் வழியாக வரும் குழாயை அவ்வப்போது உறிஞ்சிக்கொண்டே போவார்களே, அந்த ஹைட்ரேஷன் பிளாடர்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு டியூப், முனையில் ரப்பர் மாதிரி ஒரு மூக்கு. ‘இதுக்குப் போய் இவ்வளவு விலையா?’ என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால்... அடேயப்பா, இண்டு இடுக்கெல்லாம் தந்திரம்! அத்தனை தந்திரமும் ஒரே ஒரு காரியத்துக்காக. தாகம் எடுத்தது என்பதற்காக நீங்கள் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்!

காலுறைக்குள் பிறந்த பிள்ளை

முதலில் பிறந்த கதை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிடா ஃபால்ஸ் என்று ஓர் ஊர். ஊருக்கு நூறு வயது ஆனதைக் கொண்டாட 1982-ல் ஒரு சைக்கிள் பயணத்தை ஆரம்பித்தார்கள். நூறு வயதுக்கு நூறு மைல், அதாவது 161 கிலோமீட்டர். அதுவும் பாரன்ஹீட்டில் நூறு டிகிரியைத் தொடும் ஆகஸ்ட் வெயிலில்! ‘ஹாட்டர்’ன் ஹெல் ஹண்ட்ரட்’ என்று பெயர். நரகத்தைவிடச் சூடாம். பெயரைச் சொன்னாலே நாக்கு வறளுகிறது.

1988-ல் அந்தக் கூட்டத்தில் மைக்கேல் எய்ட்சன் என்று ஒருவர். அவசர மருத்துவ உதவிப் பணியாளர். ஆகவே டிரிப்ஸ் ஏற்றும் பையும் டியூபும் அவருக்குப் பழகிய சாமான்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? டிரிப்ஸ் பையில் தண்ணீரை நிரப்பினார். அதை ஒரு நீளமான காலுறைக்குள் திணித்தார். காலுறையைச் சட்டையின் முதுகுப் பக்கம் பொருத்தி, டியூபைத் தோளுக்கு மேலே இழுத்து முன்னால் விட்டார். தண்ணீர் ஒழுகாமல் இருக்க டியூபின் வாயில் துணி காயப்போடுகிற கிளிப்! இரண்டு கையும் ஹேண்டில்பாரில், தண்ணீர் வாயில். அடுத்த ஆண்டே அது ‘கேமல்பேக்’ நிறுவனமாகிவிட்டது. கடைகளில் இன்று தொங்குகிற அத்தனை தண்ணீர்ப் பைகளுக்கும் மூத்த அண்ணன், அந்தக் காலுறை!

தையலும் இல்லை, பசையும் இல்லை

இப்போது கத்தரிக்கோல் வேலை. சரக்! ஓரத்தை வெட்டினால் முதல் ஆச்சரியம் அங்கேயே காத்திருக்கிறது. இரண்டு தாள்கள் ஒட்டிய இடத்தில் நூல் இல்லை, பசை இல்லை. நகத்தால் கீறிப் பிரிக்கப் பார்த்தால் தாள் கிழிகிறதே தவிர, ஒட்டு விடுவேனா என்கிறது.

பெரும்பாலான நல்ல பைகள் டி.பி.யூ. என்கிற வளையும் பாலியூரித்தேன் தாளால் ஆனவை. இரண்டு தாள்களை உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, ரேடியோ அலையைப் பாய்ச்சுவார்கள். பொதுவாக 27.12 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 2 கோடியே 71 லட்சம் முறைக்கு மேல் முன்னும் பின்னுமாகத் திசை மாறும் மின்புலம். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் அதற்கு ஈடுகொடுத்து ஆடு ஆடு என்று ஆடி, உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகி, ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அழுத்தம் விடாமல் ஆறவைத்தால், இரண்டு தாள் ஒரே தாள்! மருத்துவமனை ரத்தப் பைகளின் ஓரங்களை இணைப்பதும் இதே வித்தைதான். டிரிப்ஸ் பையில் ஆரம்பித்த கதைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

சில பைகளில் நடுவிலும் ஒரு கோடு தெரியும். முன் தாளையும் பின் தாளையும் நடுவே பிடித்து வைக்கும் ஒட்டு அது. அது இல்லாவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பையை உருண்டையாக உப்ப வைத்து, முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வரும்.

காற்றுக்கு அனுமதி இல்லை

அடுத்த தந்திரம் கண்ணுக்கே தெரியாது. பாட்டிலில் வாய் வைத்து உறிஞ்சினால், கொஞ்சம் தண்ணீர் வந்ததும் பாட்டில் ஒடுங்கி, காற்றை உள்ளே விட்டால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கும். இந்தப் பைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. நீங்கள் உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்றின் அழுத்தம் தாள்களை அமுக்கிப் பையைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. காற்று நுழைய ஓட்டை வேண்டாம். ஆகவே கவிழ்ந்தாலும் குதித்தாலும் ஒழுகாது.

ஓடுகிறவர்கள் கூட்டத்தில் இதன் மேல் ஒரு ரகசியம் உலவுகிறது. பையை நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியாக உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். காற்றே இல்லையென்றால் தண்ணீர் எங்கே போய்க் குலுங்கும்? அதற்குப் பிறகு அந்தக் ‘களக் களக்’ சத்தத்துக்கு வேலையே இல்லை. அமைதியாக ஓடலாம்.

இன்னொரு வேடிக்கை. வாய்முனையைப் பையின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பிடித்து அமுக்கினால், யாரும் உறிஞ்சாமலே தண்ணீர் தானாகக் கொட்டும். முழங்காலில் சிராய்ப்பா? கழுவிக்கொள்ளலாம். நண்பரின் பாட்டில் காலியா? ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் காரில் பையைச் சாய்த்து வைத்து, அதன் பாரம் முழுக்க வாய்முனை மேல் உட்கார்ந்துவிட்டால் சீட்டுக்கும் ஸ்நானம்தான்! வாய்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பூட்டு வைத்திருப்பது அதற்காகத்தான்.

கடி, பிறகு குடி

நாயகனே இப்போதுதான் வருகிறார்: பைட் வால்வ். சிலிக்கோனில் செய்த ஒரு குட்டி மூக்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முனையில் முடி கனத்துக்கு ஒரே ஒரு கீறல். பல்லால் பக்கவாட்டில் மெல்ல அமுக்கினால், அந்தக் கீறல் கண் விழிப்பது போலத் திறக்கிறது. விட்டால் சட்டென்று மூடிக்கொள்கிறது. ஸ்பிரிங் இல்லை, ஆணி இல்லை. புதிதாக வருகிறவர்கள் கடிக்காமல் உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சி, கன்னம் ஒட்டிப்போய், ‘பை ரிப்பேர்!’ என்று புகார் சொல்வது இந்த நாயகனுக்குப் பழகிப்போன விஷயம்.

டியூபுக்கும் ஒரு குறும்பு உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஆறு மில்லிமீட்டர் துளை என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் தண்ணீர் எப்போதும் அதற்குள்ளேயே நிற்கும். வெயிலில் அதுதான் முதலில் காயும். முதல் மடக்கு வெந்நீர், இரண்டாவது மடக்கு ஜில்! பனிமலையிலோ நேர் எதிர். டியூபும் வால்வும்தான் முதலில் உறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. குடித்து முடித்ததும் ஃபூ என்று ஊதி, டியூபில் இருப்பதைப் பைக்கே திருப்பி அனுப்பிவிடுவது.

விண்வெளிக்கும் போயிருக்கிறது!

இதைக் கேட்டால் நீங்களும் துள்ளுவீர்கள். விண்வெளியில் நடக்கப் போகும் நாசா வீரர்களின் உடைக்குள், நெஞ்சுப் பக்கம், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குடிநீர்ப் பை இருக்கிறது. சுமார் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். குழாய் தலைக்கவசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேயும் கடித்தால்தான் குடி!

அந்தப் பை ஒரு வம்பு வழக்கிலும் மாட்டியது. 2013 ஜூலையில் இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் காணப்பட்டது. குடிநீர்ப் பைதான் ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 16 அன்று, அடுத்த நடையில் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் சேர்ந்து கண், மூக்கு வரை வந்துவிட்டது. நடையைப் பாதியில் முடித்து அவரைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்தார்கள். விசாரித்தால், குற்றவாளி உடையின் குளிரூட்டும் அமைப்பில் ஏற்பட்ட அடைப்பு! பாவம், பை நிரபராதி.

மேக்கப் கலைந்த பிறகு

எல்லா நாயகர்களுக்கும் ஒரு பலவீனம் இருக்குமல்லவா? நம் தண்ணீர்ப் பையாருக்குச் சர்க்கரை ஆகாது. குளுக்கோஸ், ஜூஸ் என்று ஊற்றிவிட்டுக் கழுவாமல் வைத்தால், டியூபின் உள்ளே கறுப்புப் பூஞ்சை குடித்தனம் நடத்தும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நீளமான பிரஷ்ஷால் டியூபைத் தேய்த்து, பைக்குள் ஒரு ஹேங்கரை விட்டு விரித்துக் காயப்போடுவது வழக்கமான வைத்தியம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் காலிப் பையை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில் பூஞ்சை எங்கே வளரும்?

இரண்டாவது பலவீனம் இன்னும் பெரியது. எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பது தெரியவே தெரியாது! முதுகுக்குப் பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பது? மோன் பிளாங் மலையைச் சுற்றி சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் யு.டி.எம்.பி. போட்டியில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் வசதியோடு வர வேண்டும் என்பது விதி. அத்தகைய ஓட்டக்காரர்களில் பலர் நெஞ்சில் செருகும் மெத்தென்ற குடுவைகளுக்கு மாறிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் அளவு தெரியும், நிரப்பும் இடத்தில் பையைப் பிரித்து மேய வேண்டியதில்லை.

நாள் முழுக்க நடக்கிற மலையேறிகள் மட்டும் இன்னும் இவரைக் கைவிடவில்லை. அவர்கள் செய்கிற தந்திரம் எளிது. முதுகில் பை, பக்கவாட்டில் ஒரு சின்ன பாட்டில். பை காலியாகும் வரை பாட்டிலைத் தொடவே மாட்டார்கள். ஒரு நேரத்தில் டியூபிலிருந்து ‘ஸ்ர்ர்ர்’ என்று வெறும் காற்று வரும். உடனே வரைபடத்தைப் பிரித்து, அடுத்த ஓடை எங்கே என்று பார்ப்பார்கள். வழியெல்லாம் நிற்காமல் குடிக்க வைத்த மகானுபாவன், ஒருவழியாக நிறுத்தி வைப்பது அப்போதுதான்!