வாத்தியார் என்றால் இளக்காரமா?

உப்பளத்து உழைப்பாளித் தோழனே! பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறாயே, அங்கே நிற்கும் வாத்தியாரை ஒருநாளாவது எண்ணியதுண்டா?

புதுவை ஈன்ற பாவேந்தர் பாரதிதாசனைக் கவிஞரென்று நாடறியும். ஆனால் அவருக்குச் சோறு போட்டது கவிதையா? இல்லை, வாத்தியார் வேலை! 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தொடங்கி, 1946 வரை 37 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தந்தார். அவரிடம் படித்த வில்லியனூர்ப் பையன் ஒருவன்தான் பின்னாளில் கவிஞர் வாணிதாசன். அவரும் ஆசிரியரே, பெயரிலும் ஒரு ‘தாசன்’!

அல்ஜியர்சில் ஓர் ஏழைப் பிள்ளை. தந்தை போரில் மாண்டார், தாய் வீட்டு வேலைக்காரி. பையனை வேலைக்கு அனுப்பத் துடித்தாள் பாட்டி. வாத்தியார் லூயி ழெர்மேன் வீடு தேடி வந்து வாதாடிப் படிக்கவைத்தார். அந்தப் பிள்ளைதான் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. 1957-இல் நோபல் பரிசு கிடைத்ததும், தாய்க்கு அடுத்தபடி அந்த வாத்தியாரைத்தான் நினைத்தார். நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்.

படிப்பை நிறுத்தாதே என்று உன் வாசலுக்கும் ஒரு வாத்தியார் வருவார். திண்ணையில் உட்காரச் சொல், தோழா!