மன உணர்வுகளும் உயர் இரத்த அழுத்தமும்

"டென்ஷனால்தான் பிரஷர் ஏறியது, இப்போது மனம் அமைதியாக உள்ளது, மாத்திரை எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். இக்கருத்தில் பாதி உண்மை, மீதி ஆபத்து.

கோபம், அச்சம், பதற்றம் ஆகியவை எழும்போது அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இவ்வாறு ஏறும் அழுத்தம், உணர்ச்சி தணிந்ததும் இறங்கிவிடும். உயர் இரத்த அழுத்த நோயோ மனம் அமைதியாக உள்ளபோதும் நீடிக்கும். பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாது. தீராத மனக்கவலை தூக்கத்தைக் கெடுத்து, புகையையும் மதுவையும் நாடச் செய்து, மாத்திரையை மறக்கச் செய்து நோயை மோசமாக்கக்கூடும்.

சரியான அளவீடு

ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைக் கடந்து, தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உள்ள மருத்துவமனைக்கு விரைந்து வந்தவுடன் அளந்தால், அளவு கூடுதலாகக் காட்டலாம். 5 நிமிடங்கள் சாய்ந்து அமர்ந்து, பேசாமல் ஓய்வெடுத்த பின் இருமுறை அளந்துகொள்ளுங்கள். வெவ்வேறு நாட்களிலும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரின் சிகிச்சை தேவை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் அவை வீட்டிற்கே வழங்கப்படுகின்றன.

பராமரிப்பாளர்களுக்கு

"கோபப்படாதீர்கள்" என்று கடிந்துகொள்வதைவிட, அவர் கவலையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். மாத்திரை உட்கொண்டாரா என்று கவனியுங்கள். மனத்துயர் நீடித்தால் 14416 எண்ணை அழையுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி ஏற்பட்டால், அதைப் பதற்றம் என்று எண்ணிக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.