சாகும் ஹார்ட் டிஸ்க்கும் பேக்கப் படலமும்!

"ஆன் பண்ணிட்டு ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாத்தான் டெஸ்க்டாப் வருதுப்பா" என்று அப்பா போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன். பழைய பிசிதானே, ராம் போதாது என்று எதையோ சொல்லி வைத்தேன். மறு மாதம் திருநெல்வேலிக்குப் போய், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கின் நிலை மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று காட்டியது. படிக்க முடியாத செக்டார்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

அப்பா பதறவில்லை. "பேக்கப் இருக்குப்பா. எல்லாத்தையும் டி டிரைவ்ல இன்னொரு காப்பி போட்டிருக்கேன்."

சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பார்ட்டிஷன்கள். பீரோவின் மேல் தட்டில் இருந்த நகையைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டு, திருடனிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்பது போலத்தான். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகன் இதை ஒருநாளும் கேட்டதில்லை!

அந்த டிஸ்க்கில் ஆச்சியின் குரல் இருந்தது. 2015-இல் என் போனில் பதிவு செய்தது. தன் கல்யாணக் கதையை 40 நிமிடம் சொல்லியிருப்பார். இப்போது ஆச்சி இல்லை. அந்த போனும் இல்லை.

சில எம்பிதான் இருக்கும் அந்த ஃபைல். முதலில் அதை எடுத்திருக்க வேண்டும். நானோ மொத்த ஃபோல்டர்களையும் பிடித்து இழுத்து பென் டிரைவில் போட்டேன். அது எஃப்ஏடி32 ஃபார்மட். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. ஒரு கல்யாண வீடியோவில் நின்றது. கடைக்கு ஓடி 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் வாங்கி வந்து, இரவில் காப்பி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால், 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்ற பிழைச் செய்தியுடன் விண்டோஸ் என் பதிலுக்காகக் காத்திருந்தது. பாதிகூட முடியவில்லை. டிஸ்க் மட்டும் இரவெல்லாம் சுற்றியிருக்கிறது.

அடுத்து ரோபோகாப்பி. விண்டோஸிலேயே இருக்கும் நல்ல கட்டளை. ஆனால் சும்மா கொடுத்தால், படிக்க முடியாத ஒரு ஃபைலை 30 நொடிக்கு ஒருமுறை, பத்து லட்சம் தடவை முயலும்! ஆர், டபிள்யூ என்ற இரு ஸ்விட்ச்சுகளுக்கும் 1 என்று கொடுத்தால் ஒரே முறை முயன்றுவிட்டு நகரும். இது புரிவதற்குள் மதியமாகிவிட்டது. அப்போது பார்த்து கரண்ட் போனது. மறுபடி ஆன் செய்ததும் செக்டிஸ்க் தானாகக் கிளம்பியது. கீயைத் தட்டி நிறுத்தினேன். இந்த நிலையில் நீங்களும் நிறுத்திவிடுங்கள். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்கிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதும். பேக்கப் முடியும்வரை அதில் எதையும் எழுதவே கூடாது.

கடைசியில் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு வருகிறது. மேப் ஃபைல் கொடுத்துவிட்டால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே எச்சரிக்கை: முதலில் பழைய டிஸ்க், அடுத்து புதியது. மாற்றிக் கொடுத்தால் எடுக்க வந்ததையே அழித்துவிடுவீர்கள். நான் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். (டிஸ்க் விடாமல் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் இதுவும் வேண்டாம். ஆஃப் செய்துவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.)

ஒன்றரை நாள் ஓடியது. கிடைத்த இமேஜில் சி டிரைவைத் திறந்தேன். ஆச்சி பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டென்று கதை தாலி கட்டியதற்குப் பிறகு போய்விட்டது. நடுவில் பல நிமிடங்கள் காணோம்.

ஒன்றும் சொல்லாமல் டி டிரைவைத் திறந்து, அப்பா போட்டிருந்த காப்பியை ஓட்டினேன். 40 நிமிடமும் முழுதாக இருந்தது.

"அதான் பேக்கப் இருக்குன்னு சொன்னேன்ல?" என்றார் அப்பா.

பீரோ உதாரணத்தை மறுபடி எடுக்க எனக்கு வாய் வரவில்லை. போர்ட்டபிள் டிஸ்க்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று இரண்டு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு இரவு பஸ்ஸைப் பிடித்தேன்.