நீர்க்கோலி: ஒரே ஏரி, பல நிறம்

அண்ணாமலையார் மலையடிவாரத்துக் குளங்களிலும் ஏரிகளிலும் மீனும் தவளையும் தின்று வாழ்வது நீர்க்கோலி எனும் தண்ணீர்ப் பாம்பு. நஞ்சில்லாதது.

உடம்பில் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும். சிலவற்றில் கட்டம் அழுத்தமான கறுப்பு. சிலவற்றில் மங்கிய பழுப்பு. அடையாளம் காணக் கண்ணைப் பாருங்கள்: கண்ணுக்குக் கீழே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்ந்து இறங்கும்.

மிக அரிதாக வெளிறிய மஞ்சள் உடலும் சிவந்த கண்ணுமாக ஒரு குட்டி பிறக்கும். கருநிறமியான மெலனின் உருவாகாததே காரணம். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் இதற்கான மரபணு வந்தால்தான் இந்த நிறம் வெளிப்படும். பருந்தின் கண்ணில் எளிதில் படுவதால் இத்தகைய குட்டிகள் பிழைப்பது கடினம்.

வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்பு நீர்க்கோலிக்கு உறவு. அங்குள்ள ஈரி ஏரிக் கரையில் அந்த இனத்தில் முழுக் கறுப்புப் பாம்புகள் ஏராளம். கறுப்பு உடல் வெயிலில் சீக்கிரம் சூடேறும். அந்தக் கறுப்பு பெற்றோர் வழி வருவதை 1941-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று வட அமெரிக்காவில் கறுப்பு, சிவப்பு, வெளிறிய நிறங்களுக்காகவே கார்ட்டர் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள்.

இந்தியாவில் அதற்கு இடமில்லை. நீர்க்கோலி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2023-இல் கோவையில் மீட்கப்பட்ட வெள்ளை நல்ல பாம்பும் காட்டில்தான் விடப்பட்டது.

எந்த நிறப் பாம்பானாலும் அடிக்காதீர்கள், தொடாதீர்கள். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.